தவிட்டில் விளையும் நொதி

வணக்கம் நேயர்களே. அறுவடைக்குப் பின் எஞ்சும் வைக்கோலும், சாறு பிழிந்த கரும்புச் சக்கையும், அரவையில் பிரியும் தவிடும் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய நொதிகளாக, அதாவது என்சைம்களாக, எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது நாமல்ல, பூஞ்சை. ஆகவே பூஞ்சை எப்படிச் சாப்பிடுகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

பூஞ்சைக்கு வாய் கிடையாது, இரைப்பையும் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக வளர்ந்து, இரைக்குள்ளேயே ஊடுருவி, செரிமானச் சாற்றைத் தன் உடம்புக்கு வெளியே சுரந்து, அங்கே கரைந்துவரும் சர்க்கரையை இழையின் சுவர் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சாற்றில் இருப்பவைதான் நாம் தேடும் நொதிகள். அவை ஏற்கெனவே வெளியில் வந்துவிடுவதால், செல்களை உடைத்து எடுக்க வேண்டிய தேவை இல்லை. வளர்ந்த தவிட்டில் நீரூற்றிப் பிழிந்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும்.

பூஞ்சை இவ்வளவு சாற்றைச் சுரக்கக் காரணம், அதன் உணவு பூட்டிக் கிடப்பதுதான். வைக்கோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செல்லுலோஸ் இருக்கிறது. மாவுச்சத்தைப் போலவே அதுவும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான். ஆனால் கோத்த விதம் வேறு. மாலைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, நீர்கூட எளிதில் நுழைய முடியாத கட்டுகளாகிவிடுகின்றன. அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்னும் இன்னொரு வகைச் சர்க்கரை மாலை, அதற்கும் மேல் பசைபோலப் பிடித்திருக்கும் லிக்னின். இந்தக் கட்டை அவிழ்க்க ஒரு நொதி போதாது. ஒன்று மாலையை நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டுப்பட்ட முனையிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டை மணியைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸாக்கும். இம்மூன்றையும் சேர்த்தே செல்லுலேஸ் என்கிறோம்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: வேளாண் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அதைப் பூஞ்சைக்குக் கொடுப்பதில்லை. செல்லுலேஸைப் பொறுத்தவரை, பூஞ்சைக்கு நாம் இடும் கட்டளையே அந்தக் கழிவுதான். தூய குளுக்கோஸைத் தாராளமாகக் கொடுத்துப் பாருங்கள். பூஞ்சை செழித்து வளரும், செல்லுலேஸை மட்டும் ஏறக்குறைய சுரக்கவே சுரக்காது. கையில் சோறு இருக்கும்போது யார் நெல் குத்தப் போவார்கள்? குளுக்கோஸ் மிகுந்தால், செல்லுலேஸுக்கான மரபணுக்களை அது அடக்கி வைத்துவிடுகிறது. எதிரே இருப்பது எளிதில் கரையாத நார் என்றால்தான் அந்த அடக்கம் நீங்குகிறது.

இதில் சுவையான ஒரு முரண் உண்டு. ஆய்வகத்தில் பயன்படுத்திய சில குளுக்கோஸ் மாதிரிகள், விதிக்கு மாறாகச் செல்லுலேஸைத் தூண்டிவிட்டன. தூண்டியது குளுக்கோஸ் அல்ல, அதில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த சோஃபரோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரை என்பதை அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் அறிவியலாளர்களான மேரி மண்டெல்ஸும் எல்வின் ரீஸும் தங்கள் குழுவினரோடு 1962-இல் காட்டினார்கள். மாசு என்று வடித்துக் கொட்ட வேண்டியதே விடையாக அமைந்தது.

அவர்கள் கையாண்ட பூஞ்சையின் பூர்வீகமும் சொல்லத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் மக்கிக் கிழிந்துகொண்டே இருந்தன. அப்படி மக்கிய துணியிலிருந்து 1944-இல் பிரித்தெடுத்த பூஞ்சைக்கு கியூஎம்6ஏ என்று எண்ணிட்டுப் பாதுகாத்தார்கள். முதலில் நோக்கம், துணியை அதனிடமிருந்து காப்பாற்றுவது. பின்னர், அது துணியை அழிக்கும் திறமையையே பயன்படுத்திக்கொள்வது. ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் டிரைக்கோடெர்மா ரீசி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று தொழில்முறையில் செல்லுலேஸ் எடுக்கப் பயன்படும் டிரைக்கோடெர்மா ரகங்கள் பெரும்பாலும் அந்த ஒரே பூஞ்சையின் வழிவந்தவையே. 2008-இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, இதே தொழில் செய்யும் மற்றப் பூஞ்சைகளைவிடக் குறைவான செல்லுலேஸ் மரபணுக்களே அதனிடம் இருப்பது தெரியவந்தது. சரக்கு குறைவு, ஆனால் சுரக்கும் திறன் மிகுதி.

தவிட்டில் பூஞ்சை வளர்த்து நொதி எடுப்பது இதற்கும் முந்தைய கதை. ஜோக்கிச்சி தகாமினே என்னும் ஜப்பானிய வேதியியலாளர், ஆஸ்பெர்கில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1894-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அது செரிமான மருந்தாக விற்பனைக்கும் வந்தது. நீரில் மூழ்கவிடாமல் ஈரத் தவிட்டிலேயே பூஞ்சை வளர்க்கும் இன்றைய திடநிலை நொதித்தல் கூடத்துக்குள் அவரை அழைத்து வந்தால், கருவிகள் புதிதாகத் தோன்றலாம். தட்டில் பரப்பிய தவிட்டை அவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

அந்தத் தட்டை நேயர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் காட்டுகிறேன். தவிட்டில் நீர் தெளித்துப் பிசைகிறோம். மொத்த எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஈரம் இருக்க வேண்டும். கையில் அள்ளி இறுக்கினால் பிடியாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அழுத்த நீராவியில் வேக வைத்து, ஆறவிட்டு, பூஞ்சை வித்துகளைக் கலந்து, 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வைக்கிறோம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாள் தவிட்டுத் துகள்களை வெண்ணிற இழைகள் பின்னிக் கட்டிவிட்டிருக்கும். தட்டைச் சாய்த்தாலும் உதிராது, அடைபோல ஒட்டி நிற்கும். வித்துக் கட்டி நிறம் மாறத் தொடங்குமுன் அறுவடை செய்வது நல்லது.

இங்கே ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணி, இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டிய தவிட்டை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மேற்பரப்பு அழகாக வெளுத்திருந்தது. நடுவில் விரலை நுழைத்தேன், சுட்டது. உள்ளே இழைகள் செத்து, தவிடு பழுப்பேறி, புளித்த வாடை வீசியது, பாக்டீரியா புகுந்துவிட்டது. வைக்கோற்போர் உள்ளே சூடேறுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: உயிர்கள் மூச்சுவிடும்போது வெப்பம் பிறக்கிறது, தவிடோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. அறை 30 டிகிரியில் இருந்தாலும் குவியலின் நடுப்பகுதி 45-ஐத் தாண்டிவிடக்கூடும். ஈரக்காற்றை ஊடே செலுத்திக் குளிரச் செய்யலாம். ஆனால் அப்போது தவிடு காயத் தொடங்கும். காய்ந்ததே என்று நீர் தெளித்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும் இந்தச் சங்கடம்தான் ஆய்வகத்தில் நன்றாக வேலைசெய்யும் முறை தொழிற்சாலையில் திணறுவதற்கு முதற்காரணம் என்பது என் கருத்து. நொதியின் வீரியத்தைப் பற்றி வெளியாகும் கட்டுரைகளின் எண்ணிக்கையில் கால்வாசியாவது வெப்பத்தை வெளியேற்றுவதைப் பற்றி வந்திருந்தால், நாம் இன்னும் முன்னேறியிருப்போம்.

இந்தத் தொல்லையால்தான் பெரிய நிறுவனங்கள் நீரில் மூழ்க வளர்க்கும் முறையை நாடுகின்றன. பெருங்கலனில் கலக்கும் கருவியும் காற்றும் குளிர்நீர்ச் சுருளும் இருப்பதால் எல்லாம் கட்டுக்குள் நிற்கும். அங்கே தேர்ந்த டிரைக்கோடெர்மா ரகங்கள் ஒரு லிட்டருக்கு 100 கிராம் வரை புரதம் சுரக்கின்றன. ஆனால் தட்டுமுறைக்கு வேறு நன்மைகள் உண்டு: கழிவுநீர் குறைவு, கிடைக்கும் சாறு அடர்த்தியாக இருக்கும், ஈரம் குறைவாக இருப்பதால் பாக்டீரியாவும் எளிதில் தலையெடுக்காது.

விளைந்த நொதியை அளக்கும் முறை எளிது. பிழிந்த சாற்றில் ஒரு துளியைச் செல்லுலோஸோடு சேர்த்து, குறித்த நேரம் வைத்திருந்து, டைநைட்ரோசாலிசிலிக் அமிலக் கரைசலை ஊற்றிக் கொதிக்க வைப்போம். மஞ்சளாக இருந்த கரைசல், விடுபட்ட சர்க்கரையின் அளவுக்கேற்பச் செம்பழுப்பாகச் சிவக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிறமாற்றம் எனக்கு அலுப்பதில்லை.

செல்லுலேஸ் போலப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதிகளின் பயன்களை நான் விரித்துரைக்கவில்லை. டெனிம் துணியை நுரைக்கற்களோடு உருட்டி வெளுத்த காலம் போய், செல்லுலேஸில் வெளுக்கிறார்கள். பழச்சாற்றைத் தெளிய வைப்பது பெக்டினேஸ். ரொட்டி மாவை இளக்குவதும், காகிதக் கூழை வெளுக்கும்போது குளோரின் சேர்மங்களின் தேவையைக் குறைப்பதும் சைலனேஸ். கோழித் தீவனத்தில் பாஸ்பரஸை விடுவிப்பது ஃபைட்டேஸ்.

கழிவு என்ற சொல்லின் மீதே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தவிடு மாட்டுக்குத் தீவனம். வைக்கோல் மண்ணுக்குத் திரும்பினால் உரம். வாங்க ஆள் வந்த மறுநாளே அதற்கு விலை ஏறிவிடும். பருவத்துக்குப் பருவம், ரகத்துக்கு ரகம் அதன் கூறுகளும் மாறுகின்றன. சென்ற மாதத் தவிட்டில் கிடைத்த நொதி இந்த மாதத் தவிட்டில் கிடைப்பதில்லை. மூலப்பொருள் இலவசம் என்று கணக்கெழுதித் தொடங்கும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. ஆகவே, கழிவு எழும் ஆலையின் வளாகத்துக்குள்ளேயே நொதிக்கூடத்தையும் அமைப்பது அறிவுடைமை என்பேன். ஏற்றுக்கூலியும் மிச்சம், சரக்கின் தன்மையும் முன்கூட்டியே தெரியும்.

பூஞ்சையைத் தேர்வதில் எச்சரிக்கை தேவை. தகாமினே வளர்த்த பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவினமான ஆஸ்பெர்கில்லஸ் ஃப்ளேவஸ், அஃப்ளாடாக்சின் என்னும் கொடிய நச்சைச் சுரப்பது. உணவுக்கான நொதி எடுப்பவர்கள், கையில் இருக்கும் ரகம் நச்சுச் சுரக்காதது என்பதைச் சோதித்து உறுதிசெய்த பிறகே தொடங்க வேண்டும். தட்டைக் கிளறும்போது எழும் வித்துத் தூசி மூச்சுக்குழலுக்கு ஆகாது; முகமூடியின்றி யாரும் கூடத்துக்குள் நுழையக் கூடாது.

சாறு பிழிந்த பிறகு எஞ்சும் சக்கையில், முதலில் இருந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். பூஞ்சை இழையின் புரதம் கூடியிருக்கும். அதை மீண்டும் ஒருமுறை நீராவியில் வேக வைத்து வித்துகளை அழித்த பின்பு எருக்குழியில் சேர்க்கிறோம். கழுவிய தட்டுகளில் அடுத்த நாள் காலை புதிய தவிட்டைப் பரப்புகிறோம், இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும்.

வணக்கம்.