கராஜுக்குள் இரண்டு போர்டு

வணக்கம். அமெரிக்க அரசியலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் அரசியல் படித்தவன் இல்லை, காகித ஆலையில் வேலை பார்ப்பவன். வாஷிங்டனுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அதுவும் பிள்ளைகளுக்கு மியூசியம் காட்ட. எனக்கு நன்றாகத் தெரிந்த அமெரிக்கா என் தெருதான். அதனால் தெருவைப் பற்றியே பேசுகிறேன், அதில் அரசியல் எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

ஊர் பெயர் கிரீன் பே. விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரி ஒரு விரலை நீட்டினாற்போல் நிலத்துக்குள் வருகிற இடம். ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். காகித ஆலை, பாலாடைக்கட்டி, ஆறு மாதக் குளிர், அப்புறம் பேக்கர்ஸ். பேக்கர்ஸ் என்பது அமெரிக்கக் கால்பந்து அணி. கால்பந்து என்று பெயரே தவிர, பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதுதான் பெரும்பாலும். 1919ல் அணி தொடங்கியபோது, இறைச்சியை டப்பாவில் அடைக்கிற ஒரு கம்பெனி சீருடைக்குக் காசு கொடுத்தது, அதனால் வந்த பெயர். மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட அணிக்கு ஒரு கோடீஸ்வரர் முதலாளியாக இருப்பார். இங்கே முதலாளி கிடையாது, பங்குதாரர்கள்தான். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்தப் பங்குக்கு லாபம் வராது, விற்கவும் முடியாது, சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு "உபயம்" என்று பெயர் எழுதியிருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கடைசியாக 2021ல் விற்றபோது ஒரு பங்கு 300 டாலர். நானும் வாங்கினேன். என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

என் வீடு மைதானத்திலிருந்து நடக்கிற தூரம். லாம்போ ஃபீல்டு என்று பெயர். 81,441 பேர் உட்காரலாம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

உட்காரலாம் என்றேனே, நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அலுமினிய பெஞ்சு, அதில் எண் போட்டிருக்கும், அந்த எண்ணுக்கு நேரே உட்கார வேண்டும். டிசம்பரில் எல்லாரும் இரண்டு மூன்று கோட்டுப் போட்டு வருவதால் பத்துப் பேர் இடத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம் இருக்கும், ஆனாலும் பத்துப் பேரும் உட்காருவார்கள், எப்படி என்று கேட்காதீர்கள். பழக்கப்பட்டவர்கள் ஒரு அட்டையை மடித்து எடுத்து வந்து காலுக்குக் கீழே போட்டுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கான்கிரீட் குளிர் பூட்ஸ் வழியாக ஏறும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். சீசன் டிக்கெட் அவர் அப்பா காலத்திலிருந்து குடும்பத்தில் இருக்கிறது. அதற்கான காத்திருப்புப் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு இங்கேயும் பதிந்துவிடுகிறார்கள். அவர் மனைவிக்கு முழங்கால் வலி வரும் நாளில் அந்த இடம் எனக்கு.

இப்போது அந்த எண். விஸ்கான்சினில் 2016 அதிபர் தேர்தலில் டிரம்ப் ஜெயித்தது 23,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில். 2020ல் பைடன் ஜெயித்தது 20,682 ஓட்டில். 2024ல் மறுபடி டிரம்ப், 29,000 சொச்சம். ஒவ்வொரு தடவையும் மொத்தம் 30 லட்சத்திலிருந்து 34 லட்சம் பேர் வரை ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தால், இந்த மாநிலத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்த்தவர்கள் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னாலும் அதன் ஓரங்களிலும் அடங்கிவிடுவார்கள் என்று தோன்றும். யார் எந்தப் பக்கம் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியாது, எல்லாரும் பச்சை மஞ்சள்தான். தேர்தல் வருஷத்தில் டிவிக்காரர்கள் எங்கள் ஊர்க் காப்பிக்கடைகளில் மைக்கோடு வந்து உட்காருவதும் இதனால்தான். ஒரு காப்பி குடிக்க முடியாது.

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் எதிரெதிர்க் கட்சி. இதை நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. பேசத் தேவையில்லை, அமெரிக்காவில் வீட்டு முன்புறப் புல்தரையில் வேட்பாளர் பெயர் போட்ட சின்ன போர்டு நட்டு வைப்பார்கள், கம்பிக் காலோடு. அவர் புல்லில் ஒன்று, என் புல்லில் ஒன்று, நடுவில் ஒரு மேப்பிள் மரம்.

மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டம் நடக்கும் நாளில் புல்தரையைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். அவர் புல்லும் என் புல்லும் சேர்ந்து பதினாலு கார் கொள்ளும். ஒரு காருக்கு 40 டாலர் வாங்குகிறோம். கொடியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்று வண்டிகளை உள்ளே இழுப்பது அவர் வேலை, பின்னால் நின்று "இன்னும் வா, இன்னும் வா, போதும்" சொல்வது என் வேலை. 2020ல்தான் முதல் தடவை இரண்டு போர்டும் வந்தன, ஆனால் அந்த வருஷம் கொரோனா, மைதானத்துக்குள் ஆளே இல்லை. 2024 செப்டம்பரில்தான் பிரச்சினை தெரிந்தது. போர்டு இருக்கும் இடத்தில் ஒரு கார் குறைகிறது. அவர் தன் போர்டைப் பிடுங்கினார், என்னைப் பார்த்தார், என் போர்டையும் பிடுங்கினார், இரண்டையும் கொண்டுபோய்த் தன் கராஜில் சாத்தி வைத்தார். ஆட்டம் முடிந்து வண்டிகள் போனதும் அதே குழியில் திரும்ப நட்டார். இப்படியே ஒவ்வொரு தடவையும். என் போர்டை நானே பிடுங்கலாம்தான், ஏனோ அவரே செய்தார்.

மைதானத்துக்கும் ஓட்டுக்கும் நேரடியாகவே ஒரு தடவை முடிச்சு விழுந்திருக்கிறது. 2000ல் மைதானத்தைப் புதுப்பிக்க ஊர்க்காரர்கள் வாங்கும் பொருள்களின் மேல் அரை சதவீதம் கூடுதல் வரி போடலாமா என்று எங்கள் மாவட்டமான பிரௌன் கவுண்டி மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். நான் அப்போது இங்கே இல்லை, கதைதான் கேட்டிருக்கிறேன். 53 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதாவது இந்த அணியைத் தெய்வம் மாதிரி கும்பிடுகிற ஊரிலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் "முடியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். அணியின் பங்கு அவரிடம் நாலு இருக்கிறது, அப்பா தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார், ஆனால் "டயப்பர் வாங்குகிற பெண் எதற்கு மைதானத்துக்கு வரி கட்ட வேண்டும்? லீக்கிடம் இல்லாத பணமா?" என்று இன்றைக்கும் கேட்பார். அந்த வரி 2015ல்தான் நின்றது. அன்றைக்குக் கடையில் போய் ஒரு சுத்தியல் வாங்கி ரசீதைப் பார்த்தேன் என்றார். எனக்கு அவர் கட்சியோடு ஒத்துப்போகாது, இந்த விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகிறது. டிவியில் கட்சிக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, நீலம் என்று வண்ணம் அடித்துக் காட்டுகிற வரைபடத்தில் இந்த மாதிரி ஆளை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

எல்லாம் இப்படி இனிமையாகவே போகிறது என்று சொன்னால் அது பொய். என் மகள் பள்ளி அணியில் வாலிபால் ஆடினாள். ஆட்ட நாளில் ஜிம்மின் வாசலில் பெற்றோர்களே தின்பண்டக் கடை போடுவோம், பாப்கார்ன், சோள சிப்ஸ் மேல் உருகிய சீஸ், ப்ராட் என்கிற பன்றி இறைச்சி சாசேஜ், வரும் காசு அணியின் பஸ்ஸுக்கு. 2024 அக்டோபரில் ஒருநாள் என்னோடு நின்ற ஒரு அப்பா, வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ப்ராட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் நிற்பது நான் என்று உறைத்தது போல. "உன்னைச் சொல்லவில்லை" என்றார். சரி என்றேன். இடுக்கியை என் கையில் கொடுத்துவிட்டு ஐஸ் எடுக்கப் போனார். மனுஷர் கெட்டவர் இல்லை, என் மகளை எத்தனையோ நாள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஆனால் அந்த "உன்னைச் சொல்லவில்லை" இருக்கிறதே, அது திட்டுவதைவிட நாள்பட நிற்கிறது. அப்போது யாரைத்தான் சொன்னார்? நானும் அப்படி வந்தவன்தான். அன்றைக்கு வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். கடை வரிசை நீளமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இதே மகள் எட்டு வயதில் சைக்கிளோடு மைதானத்து வாசலில் நின்றவள். கோடையில் பயிற்சி முகாம் நடக்கும்போது, ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் பயிற்சித் திடலுக்குப் போக ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிப் போவார்கள். பல பத்தாண்டுப் பழக்கம் இது. நூற்றைம்பது கிலோ இருக்கும் ஒருத்தர், பிங்க் கலர் சைக்கிள், முழங்கால் இரண்டும் ஹாண்டில்பாரில் இடிக்கிறது, இவள் அவர் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடுகிறாள். சீட்டு வளைந்துபோனது. ரிப்பேர் செய்ய விடவே இல்லை.

2025 மார்ச்சில் ஈலான் மஸ்க் எங்கள் ஊருக்கு வந்தார். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதி தேர்தல். ஆமாம், இங்கே நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம், எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை. அமெரிக்காவில் நடந்த நீதிபதி தேர்தல்களிலேயே அதிகச் செலவானது அதுதான். மேடையில் அவர் எங்கள் சீஸ் தொப்பியை, பாலாடைக்கட்டித் துண்டு மாதிரி மஞ்சளாக இருக்குமே, அதைப் போட்டுக்கொண்டு, பிறகு இரண்டு பேருக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் செக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதை டிவியில் பார்த்துவிட்டு, "அந்தத் தொப்பி எங்கள் அப்பாவுக்கே பிடிக்காது" என்றார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. மஸ்க் ஆதரித்த ஷிமெல் தோற்றார், க்ராஃபோர்ட் ஜெயித்தார். ஆனால் அதே சீட்டில், ஓட்டுப் போட அடையாள அட்டை கட்டாயம் என்பதை மாநில அரசியல் சாசனத்தில் எழுதலாமா என்றும் கேட்டிருந்தார்கள், அதற்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆமாம். முதலாவதைக் கொண்டாடியவர்களுக்கு இரண்டாவது பிடிக்கவில்லை. இரண்டுக்கும் ஓட்டுப் போட்ட ஆள்கள் என் தெருவிலேயே இருப்பார்கள்.

அந்த போர்டுக் கதையை முடித்துவிடுகிறேன். 2024 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்து, தோற்ற பக்கம் என்பதால் நான் மறுநாளே என் போர்டை எடுத்து அவர் கராஜிலேயே சாத்திவிட்டேன். ஜெயித்தவர் ஆதலால் அவர் போர்டு ஆட்டத்துக்கு ஆட்டம் கராஜுக்குப் போய்த் திரும்பி வந்து நின்றது. டிசம்பரில் மண் உறைந்தது. ஜனவரி 5, எங்கள் மைதானத்தில் அந்த சீசனின் கடைசி ஆட்டம், சிகாகோ பேர்ஸ் வருகிறார்கள், எங்களுக்குப் பங்காளிப் பகை மாதிரி. தொடர்ந்து 11 ஆட்டம் அவர்களைத் தோற்கடித்திருக்கிறோம், வண்டிகள் குவியும். காலையில் போய் போர்டை இழுக்கிறார், வரவில்லை. நான் போய் ஒரு பக்கம் பிடித்தேன். வெந்நீர் ஊற்றிப் பார்த்தோம், கம்பி வளைந்ததுதான் மிச்சம். கடைசியில் வளைத்து மண்ணோடு மண்ணாகப் படுக்க வைத்து, மேலே ஒரு மினி வேனை நிறுத்தினோம். இல்லினாய் நம்பர் பிளேட், அதாவது சிகாகோ இருக்கிற மாநிலம். அந்த ஆளிடம் அவர் 50 டாலர் வாங்கினார்.

ஆட்டம் 24-22. கடைசி வினாடியில் கோல் கம்பத்துக்கு நடுவே உதைத்துப் பேர்ஸ் ஜெயித்தார்கள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார். நான் வழக்கம்போல நின்று "வா, வா, போதும்" என்றேன். டயருக்கு அடியிலிருந்து போர்டு இரண்டாகக் கிழிந்து வந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கராஜுக்குள் கொண்டுபோய், என்னுடையதன் பக்கத்திலேயே சாத்திவிட்டு, "ஐம்பது போதாது, அறுபது கேட்டிருக்கணும்" என்றார்.