முட்டைகோஸ் வாடையும் தென்துருவக் கடலும்

வணக்கம் நேயர்களே. முட்டைகோஸ் வேகும்போது அடுப்படியில் ஒரு வாடை வருமே, அதில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு இருக்கிறது. அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள கடலிலிருந்தும் கோடைக்காலத்தில் இதே வாயு எழுகிறது. அங்கே அதற்குக் காரணம் ஃபியோசிஸ்டிஸ் போன்ற நுண்பாசிகள். இவை தங்கள் உடலில் சேர்த்து வைத்திருக்கும் ஒரு கந்தகச் சேர்மம், பாசி செத்தாலோ இரையானாலோ நீரில் கலந்து சிதைந்து வாயுவாகிறது.

கடலிலிருந்து நிலத்துக்குக் கந்தகத்தைக் கொண்டுவருவது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றுதான் ஒருகாலத்தில் நினைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக்குக்கு அதில் சந்தேகம். 1971இல், தானே செய்த கருவியோடு ஷாக்கில்டன் என்ற கப்பலில் ஏறி, பிரிட்டனிலிருந்து அண்டார்டிக்கா வரை போனார். வழியெல்லாம் கடல்நீரில் டைமெத்தில் சல்ஃபைடு இருந்தது.

சரி, காற்றில் எவ்வளவு இருக்கும்? லட்சம் கோடி மூலக்கூறுகளுக்குச் சில பத்துகளோ சில நூறுகளோதான். அதை அப்படியே அளக்க முடியாததால் முதலில் சேர்த்துப் பிடிக்கிறார்கள். டெஃப்லான் குழாய் வழியே காற்றை இழுத்து, திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்த சிறு வளைகுழாயில் வாயுவை உறைய வைப்பது ஒரு முறை. காற்றின் ஈரத்தை முன்கூட்டியே நீக்காவிட்டால் பனிக்கட்டி குழாயை அடைத்துவிடும். ஓசோனோ இன்னும் பொல்லாதது, பிடித்து வைத்ததையே தின்றுவிடும். அதைத் தடுக்க, பொட்டாசியம் அயோடைடு தோய்த்த வடிதாள் ஒன்றை வழியில் வைக்கிறார்கள். இந்த ஒரு தாளை மறந்தால் அன்றைய எண்களெல்லாம் குறைத்துத்தான் காட்டும். அப்புறம் வளைகுழாயைச் சூடாக்கி, வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஹைட்ரஜன் சுடருக்குள் விடுகிறார்கள். கந்தகம் வந்து சேரும் நொடியில் சுடர் நீலமாக மினுங்கும். அந்த ஒளியின் அளவை வைத்து வாயுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கந்தகம் காற்றில் கந்தக டைஆக்சைடாகி, பின்னால் நுண்துகளாகி மேகத்துளிகளுக்கு வித்தாகிறது. மேகங்களோ வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் பாசிகளே பூமியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று 1987இல் லவ்லாக்கும் இன்னும் மூவரும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அவ்வளவு நேரடியான தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2011இல் வந்த ஒரு விரிவான மறுஆய்வும் அந்தக் கருதுகோளை ஏற்கவில்லை.

துகள்களையும் கந்தக டைஆக்சைடையும் அளப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, ஏறி வந்த கப்பலேதான். அதன் புகையிலும் கந்தகம் உண்டு. அதனால் குழாயின் வாயைக் கப்பலின் முன்பக்கத்தில் உயரமாகக் கட்டுகிறார்கள். காற்று பின்னாலிருந்து வீசத் தொடங்கினால் பம்பை நிறுத்திவிட்டு, திசை மாறும்வரை காத்திருக்கிறார்கள்.