கோலா, கொடையா? கொடை பக்கம் நின்னு பேசுறேன்

நடுவர் அவர்களே, சபையில இருக்குற எல்லாருக்கும் வணக்கம். செனகல் நாட்டு கால்பந்து ஆட்டக்காரர் சாடியோ மானேவுக்கு நிலைச்ச பேரு வாங்கிக் கொடுத்தது அவர் அடிச்ச கோலா, ஊருக்குச் செஞ்ச கொடையா, இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் "கோல் அடிக்கலன்னா காசு ஏது, காசு இல்லன்னா கொடை ஏது"ன்னு கேட்டுட்டு கைதட்டல அள்ளிட்டுப் போயிட்டாரு.

ஆட்டத்த நான் குறைச்சுப் பேச வரலங்க. 2015ல இங்கிலாந்து கிளப் சவுத்தாம்ப்டனுக்கு ஆடுறப்ப, இன்னொரு கிளப் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரா 2 நிமிஷம் 56 செகண்டுல ஹாட்ரிக், அதாவது மூணு கோல், போட்ட மனுஷன் அவரு. 2022 பிப்ரவரில ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல், எகிப்துக்கு எதிரா 7வது நிமிஷத்துலயே பெனால்டிய விட்டுட்டு, கடைசில ஆட்டம் சமமா முடிஞ்சு வந்த பெனால்டி ஷூட்அவுட்ல அதே கோல்கீப்பர் முன்னாடி நின்னு அடிச்சு நாட்டுக்கு முதல் கோப்பையவே வாங்கிக் கொடுத்தாரு, அன்னிக்கு எனக்கும் கண்ணு கலங்குச்சு.

ஆனா நண்பர் கதைய நடுவுலேர்ந்து ஆரம்பிச்சுட்டாரு. தொடக்கம் செனகல்ல பம்பாலின்னு ஒரு கிராமம். ஏழு வயசுப் பையன் மைதானத்துல பந்து ஆடப் போறான், சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஓடி வந்து "சாடியோ, உங்கப்பா செத்துட்டாருடா"ங்குறான், இவன் நம்பல, சும்மா சொல்றான்னு நெனைக்குறான். ஊர்ல ஆஸ்பத்திரி கிடையாது, வைத்தியத்துக்காக வேற ஊருக்குக் கொண்டு போன அப்பா உயிரோட திரும்பல. தங்கச்சி பொறந்ததும் வீட்டுலதான், பிரசவம் பாக்கவும் ஊர்ல இடமில்ல. அப்ப இவருக்கு கோலும் இல்ல, காசும் இல்ல நடுவரே, அந்த வலி மட்டும்தான் இருந்துச்சு.

காசு இருந்தா கொடை தானா வந்துரும்னா, கோடி கோடியா சம்பாதிக்குற ஆட்டக்காரங்க ஊர்லயெல்லாம் ஆஸ்பத்திரி நிக்கணுமே, நிக்குதா? பம்பாலில நிக்குது. 2019ல ஸ்கூல், 2021ல ஆஸ்பத்திரி, அதுக்கு மட்டும் போட்டது 5 லட்சம் யூரோவுக்குப் பக்கம், அதுல பிரசவ வார்டும் இருக்கு. கட்டடத்த கட்டிட்டு ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துட்டுப் போயிடல பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான், நேரா அப்ப செனகல் ஜனாதிபதியா இருந்த மாக்கி சாலப் போயிப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு ஆளுங்க வேணும்னு கேட்டாரு. டாக்டரும் நர்ஸும் இல்லாத ஆஸ்பத்திரி வெறும் செவருதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

கோப்பைய எடுத்துக்குங்க. 2019ல இங்கிலாந்து கிளப் லிவர்பூலோட ஐரோப்பிய கிளப்புகளோட பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சாரு, அடுத்த வருஷமே அதே கோப்பை ஜெர்மனி கிளப் பேயர்ன் மியூனிக் கைக்குப் போயிடுச்சு. கோப்பைன்னா அப்படித்தான், கை மாறிக்கிட்டே இருக்கும். பம்பாலில ராத்திரி நேரத்துல வலி எடுக்குற பொண்ணுக்கு அந்த வார்டு நாளைக்கும் இருக்கும்ல?

கடைசியா ஒண்ணு. 2022 அக்டோபர், பாரிஸ்ல பலோன் டோர் விழா, உலகத்துலயே சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்குக் கொடுக்குற விருது அது. ஆட்டத்துக்கான விருதுல மானே ரெண்டாவது, பிரான்ஸ் ஆட்டக்காரர் பென்சிமாதான் முதல். அதே ராத்திரி, அதே மேடையில, சமூக சேவைக்குன்னு புதுசா ஆரம்பிச்ச சாக்ரடீஸ் விருத முதமுதல்ல வாங்குனது நம்மாளு. அந்த சாக்ரடீஸ் யாருன்னு நெனைக்குறீங்க, பிரேசில் கால்பந்து டீமோட முன்னாள் கேப்டன், படிச்சு பட்டம் வாங்குன டாக்டர். ஆஸ்பத்திரி இல்லாத ஊர்ல அப்பாவ இழந்த பையன் கையில ஒரு டாக்டர் பேர்ல விருது, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.