பத்திரிகையில் சாய்ந்தோடும் எழுத்து

(திரையில்: கும்பகோணத்து அச்சகம் ஒன்றின் மேசையில் பரப்பிய திருமணப் பத்திரிகைகள்.)

இந்தப் பத்திரிகைகளில் மணமக்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் வலப்புறம் சாய்ந்து, ஒன்றையொன்று தொட்டபடி, முதலெழுத்தில் பெரிய சுழிப்போடு ஓடுகின்றன. இவ்வகை எழுத்துருக்களில் பெரும்பாலானவை 17, 18ஆம் நூற்றாண்டுகளின் கையெழுத்துக் கலை கற்பித்த ஆங்கில ஆசிரியர்கள் பிடித்த இறகுப் பேனாவிலிருந்து வந்தவை. கூரிய முனையை அழுத்திக் கீழே இழுத்தால் அது விரிந்து கோடு தடிக்கும். அழுத்தாமல் மேலே கொண்டுபோனால் மயிரிழையாக மெலியும். அழகெல்லாம் இந்தத் தடிப்பிலும் மெலிவிலும்தான் இருக்கிறது. சுழிப்பு அதற்குப் பிறகுதான். அந்த ஆசிரியர்களுள் ஒருவரான சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தைப் பின்பற்றி மேத்யூ கார்ட்டர் 1960களில் வடிவமைத்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துரு இதற்கு நல்ல சான்று. ஹெர்மன் சாப்ஃப் வடிவமைத்து 1998இல் வெளியான சாப்ஃபினோ எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல மாற்று வடிவங்கள் இருப்பதால், அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்துகள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை.

(திரையில்: ஒரே பெயர், முதலில் இயல்பாகவும் பிறகு முழுவதும் பெரிய எழுத்திலும்.)

இரண்டாவதைப் படித்துப் பாருங்கள். சுழிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பெயரே மறைந்துவிட்டது. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினாலோ இணைப்புக் கோடுகள் அறுந்துவிடும். பெயர், தலைப்பு, கடைப்பலகை என்று நாலைந்து சொற்களுக்கே இது பொருந்தும். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் முகவரியையும் இதில் அடிப்பது விருந்தினரை அலைக்கழிக்கும் வேலை.

“தமிழிலும் இதே மாதிரி போடுங்கள்” என்று கேட்போர் உண்டு. அந்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் இருக்காது என்பதால், யூனிகோடு என்ற பொதுக் குறிமுறையில் தட்டிய பெயருக்குக் கணினி தானாகவே வேறொரு எழுத்துருவைப் போட்டுவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். தமிழ் எழுத்துரு கிடைத்தாலும் வடிவச் சிக்கல் தீர்வதில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்து ஓலைச்சுவடிகளில் எழுத்தாணி கீறிய கோடு ஏறத்தாழ ஒரே பருமனில் செல்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தபோதும் அவை தனித்தனியாகவே நின்றன. ஆங்கிலம்போல் இழுத்து இணைத்தால் அந்த இணைப்புக் கோடு துணைக்காலாகவோ கொம்பாகவோ கண்ணை ஏமாற்றும். ஆகவே, சாய்வை விட்டுவிட்டு, தடிப்பும் மெலிவும் உள்ள நேரான தமிழ் எழுத்துருவை ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் வைப்பதே என் தேர்வு.

(திரையில்: ‘அன்புடன்’ என்ற சொல், மிக அண்மையில்.)

இரண்டு புள்ளிகளையும் கவனியுங்கள். மெல்லிய எழுத்துருவில் இவை ஊசிமுனை அளவுக்குச் சிறுத்து, சொரசொரப்பான அட்டையில் தங்க ஃபாயில் ஏறும்போது காணாமல் போகக்கூடும். ஃபாயில் அச்சுக்குக் கொடுக்குமுன் மெய்யெழுத்துகளை மட்டும் ஒருமுறை தனியாகச் சரிபார்த்து, புள்ளி சிறுத்திருந்தால் ஒரு படி தடித்த வகைக்கு மாற்றிவிடுங்கள்.