லினக்ஸில் பெரலல் போர்ட் கார்டு: கார்டு தெரியுது, பிரிண்டர் ஓடலையா?

வணக்கம் மக்களே! ஹட்டனில் காலையிலிருந்து மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் ஒரு தோட்ட ஆபீஸிலிருந்து வந்தது. கிளாக்கர் ஐயாவுக்கு கார்பன் கொப்பியோடு பில் அடிக்க வேண்டும், அதற்கு லேசர் பிரிண்டர் உதவாது. புது கொம்பியூட்டரில் பெரலல் போர்ட், அதாவது பழைய பிரிண்டர் கேபிளைச் சொருகும் இடம், இல்லாததால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்று போட்டிருக்கிறோம், ஆனால் உபுண்டு லினக்ஸில் எல்பி0, அதாவது பிரிண்டர் போர்ட்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர், வரவே இல்லை.

கார்டு பழுது என்று உடனே கடைக்கு ஓடாதீர்கள். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ மைனஸ் வி அடித்துப் பாருங்கள், பிசிஐ கார்டுகளைப் பட்டியல் போடும் கொமாண்ட் அது. இதோ, கார்டு இருக்கிறது, கீழே ஐஓ போர்ட்ஸ் 3010, சைஸ் 8 என்று ஒரு வரி, அந்த 3010தான் கார்டின் முகவரி, ஹெக்ஸ் எண்ணில். மதர்போர்டோடு வரும் பழைய போர்ட் வழக்கமாக ஹெக்ஸ் 378இல், இண்டரப்ட் (சிபியூவைக் கூப்பிடும் சிக்னல்) 7இல் இருக்கும். இந்தக் கார்டுக்குக் கிடைத்திருப்பது வேறு முகவரி. கார்டின் ஐடி பார்போர்ட்_பிசி என்ற டிரைவருக்குத் தெரிந்திருந்தால் அது தானாகப் பிடித்துக்கொள்ளும், தெரியாவிட்டால் பழைய இடங்களில் தேடிவிட்டுச் சும்மா இருந்துவிடும். சீரியல் போர்ட்டும் சேர்ந்த கார்டு என்றால் பார்போர்ட்_சீரியல் என்ற இன்னொரு டிரைவர் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

சரி, டிரைவர்களை ஏற்றி இறக்கும் மோட்புரோப் கொமாண்டில் மைனஸ் ஆர் போட்டு எல்பி, பிபிடெவ், பார்போர்ட்_பிசி மூன்று டிரைவர்களையும் இறக்கிவிட்டு, பார்போர்ட்_பிசியை ஐஓ=0எக்ஸ்3010 என்று கொடுத்து ஏற்றுங்கள், அப்புறம் எல்பி. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில் எல்பி0 வந்துவிட்டது, பக்கத்தில் போலிங் என்று இருக்கிறது. இண்டரப்ட் இல்லாமல் டிரைவரே அடிக்கடி போர்ட்டைக் கேட்டுப் பார்க்கிறது என்று அர்த்தம், இந்தப் பிரிண்டருக்கு அதுவே தாராளம். பர்மிஷன் இல்லை என்று வந்தால் உங்கள் யூசரை எல்பி குரூப்பில் சேர்த்து, லொக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

இப்போது எக்கோ கொமாண்டில் இரண்டு வரி எல்பி0க்கு நேராக அனுப்புகிறேன். கமெராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள்: முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழேதான் இரண்டாவது வரி தொடங்குகிறது, தோட்டத்து லயன் வீடுகளுக்கு இறங்குகிற படிக்கட்டு மாதிரி. கார்டில் குறை இல்லை. லினக்ஸ் அடுத்த வரிக்கு இறங்கச் சொல்லும் லைன் ஃபீட் குறியை மட்டும் அனுப்புகிறது, பிரிண்டர் ஹெட் இடது பக்கம் திரும்ப கேரேஜ் ரிட்டர்ன் குறியும் வேண்டும். பிரிண்ட்எஃப் கொமாண்டில் இரண்டையும் சேர்த்து அனுப்பினால் நேராக வரும்.

முகவரியை மோட்புரோப்.டி ஃபோல்டரில் ஒப்ஷன்ஸ் வரியாக எழுதி வைத்தால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் இருக்கும். பிறகு கார்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றினால் முகவரியும் மாறலாம், அப்போது திரும்ப எல்எஸ்பிசிஐ பார்த்துவிட்டு அந்த வரியையும் திருத்துங்கள்.