இருபது வளைவு, ஒரு மொய் நோட்டு

வணக்கம் நேயர்களே.

மறைந்த நண்பரின் பெயரில் ஏதாவது செய்யலாம் என்று சேலத்தில் நாலு பேர் கூடினால், பேச்சு சீக்கிரமே ஏற்காட்டு மலைக்கு வந்துவிடும். அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுவது, அதைச் சொல்லி நிதி திரட்டி ஒரு அறக்கட்டளைக்குக் கொடுப்பது. இதில் நடைகூட எளிது. பணம்தான் சிக்கல். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் நண்பரின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு போனால் போதும். படம் போடலாமா, என்ன நோய் என்று வெளியே சொல்லலாமா என்று கேளுங்கள். இரண்டாவதற்குச் சில வீடுகளில் ஒப்ப மாட்டார்கள். பேனர் அடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவே கூடாது. வந்தால், அது உங்கள் வருமானம் இல்லை என்று பின்னால் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். அறக்கட்டளையின் கியூஆர் கோடையே எல்லோருக்கும் அனுப்புங்கள். கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு அதற்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனவருத்தம் இல்லை.

இங்கே ஒரு தொல்லை உண்டு. அறக்கட்டளைக் கணக்கில் தினமும் பல பேர் பணம் போடுவார்கள். அதில் உங்கள் நடைக்காக வந்தது எது? குறிப்பில் நண்பர் பெயரைப் போடச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இதற்கு நம்ம ஊர் மொய் வழக்கமே வழிகாட்டும். ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. வளைவுக்கு இவ்வளவு என்று கேளுங்கள், மொய் போல ஒரு ரூபாய் சேர்த்து. வளைவுக்கு 11 என்றால் 220. 51 என்றால் 1,020. 101 என்றால் 2,020. எல்லாத் தொகையும் 20-இல் முடியும். வங்கிப் பட்டியலில் தேடிப் பிடிக்க இதைவிடச் சுலபமான அடையாளம் வேண்டாம். கூடவே ஒரு மொய் நோட்டு: பெயர், ஊர், தொகை, தேதி. ஏறி முடித்த பிறகு தருகிறேன் என்பவர்களை அதில் எழுதவே வேண்டாம். அந்த வாக்குகளில் கணிசமானவை வராது. பனியன், பேனர், சாப்பாட்டுச் செலவை நடப்பவர்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள், நன்கொடையில் கைவைக்காதீர்கள்.

இனி மலை. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண்ணும் பாறையும் சரியும். மே மாதம் கோடை விழா நெரிசல். சேலம் மாநகரமும் ஏற்காடும் வெவ்வேறு காவல் எல்லை என்பதால் இரண்டு பக்கமும் மனுக் கொடுங்கள்.

அடிவாரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் நடை, 1,000 மீட்டர் அளவுக்கு ஏற்றம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் முன்மதியத்தில் மேலே இருக்கலாம். ஆறு வாரம் முன்பே பழகுங்கள். சேலம் அம்மாப்பேட்டைக் குமரகிரி முருகன் கோயில் படிகளே போதும், வாரம் மூன்று நாள். அன்றைக்கென்று புது ஷூ வாங்கினால் பாதி மலையில் கொப்புளம் வரும்.

பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. வளைவின் உட்புறமாகக் குறுக்கே வெட்டி வரும். உட்புறச் சுவரை ஒட்டி ஒதுங்கி நின்றால் பத்திரம் என்று நினைப்பவர்தான் மாட்டுவார். வளைவுக்குக் கொஞ்சம் முன்பே, இருபுறமும் சாலை தெரியும் இடத்தில் வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுங்கள். பேசிக்கொண்டே ஜோடியாக நடக்காமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி மெதுவாக வரட்டும்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், புளிசாதம், கடலை மிட்டாய். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு வரும், பையோடு போய்விடும்.

இறங்கும்போது நடக்காதீர்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். பேருந்தில் வாருங்கள்.

பத்து நாளுக்குள் அறக்கட்டளையின் ரசீதையும் மொய் நோட்டின் நகலையும் நண்பரின் வீட்டில் கொடுத்துவிடுங்கள். யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்கள் ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். அதனால் பெயரை முழுசாக, ஊரோடு, புரியும் கையெழுத்தில் எழுதுங்கள்.

வணக்கம்.