65-வது பிட்ச்

வணக்கம்ங்க. ரேடியோல பேச வாங்கன்னு கூப்பிட்டப்ப எதப் பத்திங்கன்னு கேட்டேன், பசங்களுக்கு பேஸ்பால் சொல்லிக் குடுக்கறீங்கல்ல அதையே பேசுங்கன்னுட்டாங்க. ஈரோட்டுல வாய்க்கா ஓரம் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்ங்க நான், என்னப் போய் பேஸ்பால் கோச்சுன்னு சொன்னா எங்க ஊர்ல இன்னும் சிரிக்கறாங்க. வேலைக்காக டெக்சஸ் வந்து டாலஸ் பக்கம் குடியேறி, பையன் ஏழு வயசுல பேஸ்பால் ஆடணும்னு நின்னான், சேத்து விட்டேன், ரெண்டாவது வாரமே லீக்ல இருந்து கோச்சுக்கு ஆள் பத்தல யாராச்சும் வாங்கன்னு ஈமெயில் வந்துச்சு, வேலிக்கு வெளில மடக்கு சேர் போட்டு காபி குடிச்சிட்டு இருந்தவன் கையத் தூக்கிட்டேன். அஞ்சு வருஷம் ஓடிருச்சு.

இந்த ஊர்ல சின்னப் பசங்க பேஸ்பால்னா முதல்ல லிட்டில் லீக்தான். 1939ல பென்சில்வேனியால வில்லியம்ஸ்போர்ட்ங்கற ஊர்ல கார்ல் ஸ்டாட்ஸ்னு ஒருத்தர் மூணே மூணு டீம் வெச்சு ஆரம்பிச்சது. பெரியவங்க மைதானத்த பசங்க அளவுக்கு சுருக்குனதுதான் அவரு பண்ண பெரிய வேல. ரன் எடுக்க ஓடிப் போய் தொடற பேஸ்க்கும் பேஸ்க்கும் 60 அடி, பிட்சர், அதாவது பந்து எறியறவன், எறியற தூரம் 46 அடி. நம்ம கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம், அதாவது 66 அடி, அதுல இருந்து 20 அடி கிட்ட வந்து ஒரு 12 வயசுப் பையன் கை முட்டிய மடக்கி முழு வேகத்துல எறியறான்னு நெனச்சுப் பாருங்க, பேட் பிடிச்சு நிக்கறவனுக்கு யோசிக்கவே நேரம் கெடையாது.

முதல் வருஷம் நான் சொல்லிக் குடுத்தது பூரா தப்புங்க. கிரிக்கெட்ல முன் கால நீட்டி நேரா பேட் வரணும்னு சொல்லித்தான நம்மள வளத்தாங்க, அதையே இங்க சொன்னேன், பசங்க எல்லாம் முன்னாடி சாஞ்சு சாஞ்சு மண்வெட்டி போடற மாதிரி சுத்துனாங்க. இங்க வெயிட் பின் கால்ல இருக்கணும், மொதல்ல இடுப்பு திரும்பணும், கை கடைசியா வரணும். எங்க லீக்ல ஒரு பெரியவர் இருக்காரு, பந்து போட்டு வெக்கற பக்கெட்ட கவுத்துப் போட்டு அது மேல உக்காந்தே முப்பது வருஷம் கோச்சிங் பண்ணவரு, அவருதான் ஒரு நாள் என்னத் தனியா கூப்பிட்டு, தம்பி நீ பேட்டிங் எல்லாம் அப்புறம் பாரு, மொதல்ல ரெண்டு ரெண்டு பேரா நிக்க வெச்சு ஒழுங்கா கேட்ச் ஆட விடுன்னாரு. அவ்ளோதானான்னு இருந்துச்சு. ஆனா சனிக்கெழம காலைல எந்த மைதானத்துக்கு வேணா போய் பாருங்க, பத்து வயசு கேம்ல தோக்கற டீம் பேட்டிங்கால தோக்கறதில்ல, எறியத் தெரியாம, பிடிக்கத் தெரியாம, தரைல உருண்டு வர்ற ஒரு சாதா கிரவுண்டர எடுத்து முதல் பேஸ்க்கு எறிஞ்சா அது வேலிக்குப் போயி ரெண்டு ரன் வந்து, அப்டித்தான் தோக்குது.

சரி, நான் சொல்ல வந்தது வேற.

ஒம்போது பத்து வயசு ஆனதும் லீக் பத்தாதுன்னு செலக்ட் பால்னு ஒண்ணுக்குப் போவாங்க, மத்த ஊர்ல டிராவல் பால்ம்பாங்க. டிரையவுட் வெச்சு 11, 12 பேர எடுத்து, யூனிஃபார்ம், டோர்னமென்ட் காசு, ஓட்டல் காசுன்னு அப்பாம்மா பர்ஸ காலி பண்ற ஏற்பாடு. சனிக்கெழம ரெண்டு கேம், ஞாயித்துக்கெழம தோக்கற வரைக்கும் கேம். ஜெயிச்சுட்டே போனா ஒரே நாள்ல மூணு கேம் கூட வரும், அங்கதான் வம்பு, ஏன்னா 11 பேர்ல ஒழுங்கா ஸ்ட்ரைக், அதாவது பேட்டர் அடிக்கற எடத்துக்கு நேரா பந்து, போடறவன் மூணு இல்ல நாலு பேர்தான் இருப்பான், ஜெயிக்கணும்னா அவனுங்களத்தான் திரும்பத் திரும்ப போட்டாகணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஜூன் மாசம், நூறு டிகிரி வெயில், நான் அதத்தான் பண்ணேன். எங்க டீம்ல ஒரு பையன், பத்து வயசு, அவன் எறிஞ்சா எதிர் டீம் அப்பாக்கள் கூட வேலி கிட்ட வந்து நின்னு பாப்பாங்க. சனிக்கெழம ரெண்டு இன்னிங்ஸ், இங்க மூணு அவுட் எடுத்தா எறியறவனுக்கு ஒரு இன்னிங்ஸ் முடிஞ்சுரும். ஞாயித்துக்கெழம செமி ஃபைனல்ல மூணு இன்னிங்ஸ். ஃபைனல்ல கடைசி இன்னிங்ஸ் ஒரு ரன் லீடு, அந்த டோர்னமென்ட் ரூல் இன்னிங்ஸ் கணக்குதான், அந்தக் கணக்குப்படி அவனுக்கு ஒரு இன்னிங்ஸ் பாக்கி இருந்துச்சு, நான் போட்டுட்டேன். போறதுக்கு முன்னாடி அவன் கைய ஒரு உதறு உதறுனான். நான் பாத்தேன்ங்க. பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஓகேவாடான்னு கேட்டேன், யெஸ் கோச்ன்னான். ஃபைனல்ல பந்த கைல வெச்சிருக்கற பத்து வயசுப் பையன் வேற என்ன சொல்லுவான், நான் கேட்ட கேள்வியே தப்பு. ஜெயிச்சோம். முழங்கால் உசரத்துக்கு பிளாஸ்டிக் கப்பு, ஆளுக்கொரு மோதிரம், போட்டோ. செவ்வாக்கெழம அவங்கம்மா போன் பண்ணாங்க, பையன் டூத் பிரஷ் பிடிக்கறப்ப கை முட்டிக்குள்ள வலிக்குதுங்கறான்னு.

டாக்டர் பாத்துட்டு முட்டிக்கு உள்பக்கம் எலும்பு வளர்ற எடம் வீங்கியிருக்குன்னாரு. இதுக்கு பேரே லிட்டில் லீக் எல்போன்னு வெச்சிருக்காங்க, அவ்வளவு சகஜம். பெரியவங்களுக்கு அதிகமா எறிஞ்சா தசைநார் கிழியும், பசங்களுக்கு அந்த எடத்துல எலும்பே இன்னும் முழுசா ஆகாம குருத்தா இருக்கும், எறியற ஒவ்வொரு தடவையும் தசை அதப் புடிச்சு இழுக்குது. மூணு மாசம் எறியக் கூடாதுன்னுட்டாங்க. அந்தம்மா என்னை ஒரு வார்த்த சொல்லல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

அப்புறம்தான் ஒக்காந்து படிச்சேன். பெரியவங்க ஆட்டத்துல இந்த முட்டி தசைநார் ஆபரேஷன 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதல்ல பண்ணாரு, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு, அதனால அந்த ஆபரேஷனுக்கே டாமி ஜான்னு பேரு. ஒரு காலத்துல பெரிய ஆட்டக்காரங்களுக்குப் பண்ணது இப்ப ஹைஸ்கூல் பசங்களுக்குப் பண்றாங்க. அலபாமால பர்மிங்காம்ல டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் ஆரம்பிச்ச ஆராய்ச்சி நிலையத்துல ஆபரேஷன் ஆன பசங்களையும் ஆகாத பசங்களையும் வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, வருஷத்துல எட்டு மாசத்துக்கு மேல பிட்ச் பண்ணவனுக்கு அஞ்சு மடங்கு ரிஸ்க், கை அசந்து போனப்பறமும் வழக்கமா எறிஞ்சவனுக்கு 36 மடங்கு. முப்பத்தாறு! நான் பாத்த அந்த உதறல் ஞாபகம் வந்துருச்சு.

2014ல இங்க பெரிய தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால்ங்கற அமைப்பும் சேந்து பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு அட்டவணை போட்டாங்க, லிட்டில் லீக் அதுக்கு முன்னாடி 2007லயே இன்னிங்ஸ விட்டுட்டு பந்து எண்ணற ரூலுக்கு மாறிருச்சு. 9, 10 வயசுன்னா ஒரு நாளைக்கு 75 பிட்ச், 11, 12ன்னா 85. அது உச்ச வரம்பு, அது வரைக்கும் போட்டே ஆகணும்னு அர்த்தம் இல்லைங்க, இத எத்தன கோச்சுங்க தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னு சொல்லி மாளாது. அதவிட முக்கியம் லீவு: 20 வரைக்கும் எறிஞ்சா மறுநாளே எறியலாம், 21ல இருந்து 35ன்னா ஒரு நாள் ரெஸ்ட், 50 வரைக்கும் ரெண்டு நாள், 65 வரைக்கும் மூணு, 66 ஆயிருச்சுன்னா நாலு நாள். இன்னிங்ஸ் கணக்கு ஏன் ஏமாத்துதுன்னா ஒரு இன்னிங்ஸ் எட்டு பந்துலயும் முடியும், முப்பத்தஞ்சுலயும் முடியும். அன்னிக்கு அந்தப் பையன் ஸ்கோர் புக்க எடுத்து அப்புறமா எண்ணிப் பாத்தேன், ரெண்டு நாள்ல 118. வாம் அப்புக்கு எறிஞ்சது அதுல சேரல.

இதுல இன்னொரு ஓட்டை என்னன்னா ஒரே பையன் லீக் டீம்லயும் இருப்பான் செலக்ட் டீம்லயும் இருப்பான், இவங்க கணக்கு அவங்களுக்குத் தெரியாது, அவங்க கணக்கு இவங்களுக்குத் தெரியாது, பிட்ச் பண்ணி முடிச்சதும் பேட்டருக்குப் பின்னாடி பந்து பிடிக்கற கேட்சரா உக்கார வெச்சா அங்கயும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறியணும். லிட்டில் லீக்ல 41 பிட்ச் போட்டவன அன்னிக்கு கேட்சரா போடக்கூடாதுன்னு ரூலே இருக்கு. எங்க டெக்சஸ்ல குளிர் கம்மி, ஸ்பிரிங், சம்மர், ஃபால்னு வருஷம் பூரா ஆடலாம், அது வரம்னு நெனச்சேன். வருஷத்துக்கு நாலு மாசமாச்சும் எறியாம இருக்கணும், அதுல ரெண்டு மூணு மாசம் தொடர்ச்சியா இருக்கணும்ங்கறாங்க, பனி கொட்ற ஊர்க்காரனுக்கு சாமியே அந்த லீவ குடுக்குது, இங்க நாமதான் குடுக்கணும்.

எங்க பக்கத்து இந்தியப் பசங்களுக்கு குமார் ராக்கர்ங்கற பிட்சர்னா உசுரு. அவங்கம்மா குடும்பம் இந்தியால இருந்து வந்தவங்க. 2019ல வாண்டர்பில்ட் காலேஜுக்கு ஆடறப்ப டியூக் டீமுக்கு எதிரா 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது 19 பேர மூணு ஸ்ட்ரைக்ல வெளிய அனுப்புனாரு, ஒரு ஹிட் கூட குடுக்கல. 2021ல மேஜர் லீக் டீம்கள் புது ஆளுங்கள வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல நியூயார்க் மெட்ஸ் பத்தாவதா எடுத்துட்டு, மெடிக்கல் பாத்துட்டு கைல சந்தேகம்னு கையெழுத்துப் போடாம விட்டாங்க, அடுத்த வருஷம் எங்க ஊர் ரேஞ்சர்ஸ் மூணாவதா எடுத்தாங்க, 2023ல அவருக்கும் டாமி ஜான், 2024 செப்டம்பர்ல தான் மேஜர் லீக் மேடை ஏறுனாரு. அவரு கையப் பத்தி தீர்ப்பு சொல்ல நான் யாரு. ஆனா பசங்ககிட்ட 19 ஸ்ட்ரைக் அவுட் கதைய சொல்றப்ப மீதிக் கதையையும் சேத்துச் சொல்லிருவேன்.

சரி, என்ன மாத்துனேன்னு கேப்பீங்க. நாலு பேர் பிட்ச் பண்ண இடத்துல அடுத்த சீசன் ஒம்போது பேர பண்ண வெச்சேன். சனிக்கெழம கேமுங்கள கத்துக்கறதுக்குன்னே விட்டுட்டேன், யாரு எறியறான்னு லைன் அப் முந்தின நாளே போட்டுருவேன், ஸ்கோர் என்னவா இருந்தாலும் அதுதான். ஃபாஸ்ட் பால், மெதுவா வந்து ஏமாத்தற சேஞ்ச் அப், இது ரெண்டு மட்டும்தான், வளைஞ்சு போற கர்வ் எப்ப சொல்லித் தருவீங்கன்னு வாராவாரம் ஒரு அப்பா வந்து கேப்பாரு, 12 வயசு தாண்டட்டும்ங்க, மொதல்ல சொன்ன எடத்துல பந்து விழட்டும்னு அனுப்பி வெப்பேன். தோத்தோம், சும்மா சொல்லக்கூடாது, செம தோல்வி, ஒரு பையன் தப்பான பந்தாவே போட்டு வரிசையா அஞ்சு பேர சும்மா முதல் பேஸ்க்கு நடக்க விட்டான். ரெண்டு குடும்பம் வேற டீமுக்குப் போயிட்டாங்க. அவங்கள தப்பு சொல்ல முடியாது, காசு கட்டி வர்றவங்களுக்கு கப்பு வேணும்.

நம்மாளுங்க கிட்ட இன்னொரு வியாதி இருக்கு, சென்டம் வியாதி. பத்துக்கு மூணு அடிச்சா பெரிய ஆளுன்னு கொண்டாடற ஆட்டத்துல வந்து மீதி ஏழு எங்க போச்சுன்னு கேப்போம். நானும் கேட்டவன்தான், கார்ல போறப்ப, மூணாவது இன்னிங்ஸ்ல அந்த தாழ்வான பந்த எதுக்குடா சுத்துனன்னு. ஸ்ட்ரைக் அவுட் ஆன பையன் மொதல்ல எங்க பாக்கறான்னு கவனிச்சுப் பாருங்க, கோச்ச பாக்க மாட்டான், வேலிக்கு வெளில அப்பா மூஞ்சியத்தான் பாப்பான். அத கவனிச்சதுக்கப்பறம் கார்ல பேஸ்பால் பேச்ச அவனா எடுத்தா மட்டும்தான் பேசறது.

இன்னொண்ணு, 12 வயசுல மீசை அரும்புன பையன் ஒருத்தன் எல்லா டீம்லயும் இருப்பான், 200 அடி வேலிய தாண்டி அடிப்பான், எல்லாரும் அவன் பின்னாடியே ஓடுவாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துல மைதானம் பெரியவங்க அளவுக்கு மாறிரும், 90 அடி பேஸ், 60 அடி 6 அங்குலம் பிட்சிங். அப்ப ஒல்லிப்பிச்சானா ரைட் ஃபீல்டுல புல்லு புடுங்கிட்டு நின்ன பையன் வளந்து வந்து நிப்பான். அவன் அது வரைக்கும் ஆட்டத்துல இருந்தாத்தான. பத்து வயசுல பெஞ்சுலயே உக்கார வெச்சு அவன வீட்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் யாரு வர்றது.

பந்து எண்ணற வேலைய இப்ப எங்க வீட்டம்மாகிட்ட குடுத்துட்டேன். கைல ஒரு சின்ன கிளிக்கர், கோயில்ல 108 சுத்து எண்ற மாதிரி ஒண்ணு விடாம அமுக்குவாங்க, பேஸ்பால் ரூல் பாதி தெரியாது, அதனால கேம்ல டென்ஷன் ஆகாம எண்ணுவாங்க. போன அக்டோபர்ல ஒரு செமி ஃபைனல், பிட்ச் பண்றது எங்க பையன், அவனுக்கு இப்ப 12, ரெண்டு ரன் லீடு, கடைசி இன்னிங்ஸ், ஒரு அவுட் வேணும், ரெண்டு பேஸ்ல ஆள் நிக்கறான். திரும்பிப் பாக்கறேன், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கிளிக்கர தூக்கிக் காட்டறாங்க, 65. டைம் கேட்டு நடந்து போறேன். மைதானத்துல அவன் என்னை கோச்சுன்னுதான் கூப்பிடுவான், அது எங்களுக்குள்ள ஒப்பந்தம். அன்னிக்கு கிட்ட போனதும் பந்த முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, அப்பா, ஒரே ஒரு பேட்டர்ப்பா, கை வலிக்கலப்பான்னான். அந்த "ப்பா"ல ஒரு செகண்டு ஆடிப் போயிட்டேன். அப்புறம் கைய நீட்டுனேன், குடுத்துட்டான்.

அவனுக்குப் பதிலா எறிய வந்தவன் ரெண்டாவது பிட்ச்லயே டபுள் வாங்குனான், அதாவது அடிச்சவன் ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடிட்டான், அதுக்கடுத்த பேட்டர் சிங்கிள், தோத்துட்டோம். கார்ல பாதி தூரம் யாரும் பேசல. சிக்னல்ல நிக்கறப்ப பின் சீட்ல இருந்து அவங்கம்மாகிட்ட கேட்டான், "இன்னிக்கு என் கவுன்ட் எவ்ளோம்மா?" 65ன்னாங்க. விரல் விட்டு எண்ணுனான், திங்கள், செவ்வாய், புதன். "அப்ப வியாழக்கெழம எறியலாம்ல?"